கிருமிக் காவல்

பள்ளிக்கூடத்துக்கு நான் தர வேண்டியிருந்த தொகை ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு. கைநீட்டி வாங்கிய கடன் இல்லை. அரசாங்கத்துக்குச் சொந்தமான கிருமிகளைக் கொன்றதற்காக என் பேரில் எழுதப்பட்டது. ஐம்பது காசு எந்தக் கிருமிக்கு என்று கேட்டேன். "அது குறிப்பாணை அடிச்ச தாளுக்குய்யா" என்றார் அலுவலகக் குமாஸ்தா பாண்டியராஜன்.

நான் கம்பத்தில் திராட்சைப் பெட்டி தூக்கி முதுகு போனவன். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது, வயது நாற்பதைத் தாண்டி இரவுப் பள்ளியில் எழுத்துக் கூட்டப் பழகிய பிறகுதான் தெரிந்தது. "கவனமாகக் கையாளவும்" என்று போட்டிருந்தது. பெட்டியைச் சொல்லியிருக்கிறார்கள்.

முதுகு போன பிறகு, அனுமந்தன்பட்டியைத் தாண்டி ரோட்டோரம் இருக்கிற ஒரு மேல்நிலைப்பள்ளியில் தண்ணீர்க்காரனாகச் சேர்ந்தேன். மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்ப வேண்டும், கூட்ட வேண்டும், மணி அடிக்க வேண்டும். சம்பளம் பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுக்கும். கழகத்தில் பணம் இருக்கிற மாதம் கொடுக்கும். என் ஒரே மகள் முருகம்மாள் அங்கேயே பதினொன்றாம் வகுப்பு படித்தாள். மணி அடிக்கிறவன் மகள் என்பதால், மணி அடித்த பிறகும் சாவகாசமாக வகுப்புக்குப் போகிற உரிமை தனக்கு உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் பள்ளி திறந்த கையோடு ஒரு தெர்மகோல் பெட்டி வந்தது. உள்ளே மூடி போட்ட கண்ணாடித் தட்டுகள் இரண்டு. தட்டில் வெளிர் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கை. தலைப்பு: "பள்ளி ஆய்வகங்களில் நுண்ணுயிரிகளைப் பாதுகாப்பாக வளர்த்தல்." எப்படி வளர்ப்பது என்கிற விவரம் இணைப்பில் இருப்பதாகவும், இணைப்பு பின்னர் அனுப்பப்படும் என்றும் அடியில் போட்டிருந்தது. இணைப்பு இன்றுவரை வரவில்லை. ஆகையால் தலைப்பை வைத்தே எல்லாம் நடந்தது.

மறுநாள் காலை வழிபாட்டில் தலைமையாசிரியர் வைகுண்டராஜ் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! அரசு நம் பள்ளியை நம்பி இரண்டு தட்டுக் கிருமிகளை ஒப்படைத்திருக்கிறது. என் பணிக்காலத்தில் அரசு என்னை நம்பி ஒப்படைத்த முதல் பொருள் இதுதான். பெஞ்சு கேட்டேன், வரவில்லை. கழிப்பறைக்குக் கதவு கேட்டேன், வரவில்லை. கேட்காமலே கிருமி வந்திருக்கிறது. இவற்றைப் பாதுகாப்பாக வளர்ப்பது நம் கடமை. ஒரு கிருமிகூடச் சாகக் கூடாது. செத்தால் நான் பதில் சொல்ல வேண்டும். நான் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவன்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். உயிரியல் ஆசிரியை நசீமா மட்டும் தட்டவில்லை. உத்தமபாளையத்துக்காரப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கூட்டம் கலைந்ததும் தலைமையாசிரியர் அறைக்குப் போனார். நான் அங்கே கூட்டிக்கொண்டிருந்தேன்.

"சார், பாதுகாப்புங்கிறது கிருமிக்கு இல்ல. கிருமிகிட்டருந்து பிள்ளைகளுக்கு."

"டீச்சர், தலைப்பைப் படிங்க. 'நுண்ணுயிரிகளைப் பாதுகாப்பாக.' பிள்ளைகள்ங்கிற வார்த்தை இங்கன எங்க இருக்கு, காட்டுங்க."

"அதுக்கு அர்த்தம் அப்படி இல்ல சார்."

அர்த்தம் யாருக்குத் தெரியும் என்று தமிழாசிரியை ஞானபாக்கியம் அம்மாவை வரவழைத்தார்கள். அந்த வருஷக் கடைசியில் ஓய்வு பெறுகிறவர், ஓய்வூதியத் தாள்களில் தலைமையாசிரியரின் கையெழுத்து வேண்டியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ஐ உருபு நுண்ணுயிரிமேலதான் நிக்கிது. ஐ உருபு யார்மேல நிக்கிதோ அவகளுக்குத்தான் பாதுகாப்பு" என்று தீர்ப்புச் சொன்னார். தலைமையாசிரியர் அதை அப்படியே எழுதி வாங்கிக்கொண்டார். இலக்கணத்தில் பிள்ளைகள் தோற்றார்கள்.

அன்று மாலையே எனக்கு ஆணை வந்தது: "தண்ணீர்க்காரர் பிச்சைமணி, கிருமிக் காவலராகக் கூடுதல் பொறுப்பு வகிப்பார். கூடுதல் ஊதியம் இல்லை."

ஆய்வகத்து மூலையில் மரப்பெட்டி வைத்து அதற்குள் பல்பு எரியவிட்டோம். கொசுவலை கட்டினோம். ஆறாம் வகுப்பு மின்விசிறி ஆய்வகத்துக்குப் போனது. சைக்கிள் நிறுத்துமிடத்துப் பூட்டு ஆய்வகக் கதவுக்குப் போனது. பெட்டியில் பல்லி விழுந்துவிடும் என்று யாரோ சொன்னதால், மாடித் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடியைக் கழற்றிப் பெட்டிக்கு மேல் வைக்கச் சொன்னார் தலைமையாசிரியர்.

"சார், தொட்டி தொறந்து கெடக்குமே" என்றேன்.

"தொட்டியில என்னய்யா இருக்கு? தண்ணி. தண்ணி செத்துப் போகுமா?"

மூடியைக் கழற்றினேன். நாலு பேர் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. தொட்டிக்கு ஏறுகிற குழாய் கழிப்பறைச் சுவரை ஒட்டி வரும். அதில் ஒரு வெடிப்பு உண்டு. வெடிப்புக்குக் கோணி சுற்றியிருந்தேன். அதைச் சரிசெய்யக் கேட்ட விண்ணப்பத்துக்கும் வயதாகிக்கொண்டிருந்தது.

பாண்டியராஜனுக்கு வேறு கவலை. அரசாங்கத்திலிருந்து வந்த எதுவும் இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். நோட்டைத் தூக்கிக்கொண்டு நசீமா டீச்சரிடம் வந்தார்.

"எத்தன கிருமிக வந்திருக்காக டீச்சர்?"

அரசாங்கச் சொத்து என்பதால் மரியாதையாகவே கேட்டார். அன்றிலிருந்து அலுவலகத்தில் எல்லோரும் கிருமியை 'அவுக' என்றே பேசினார்கள்.

"ஒரு தட்டுல கோடிக்கணக்கா இருக்கும் சார்."

"கணக்கான்னு எழுதக் கூடாது. எத்தன கோடி?"

"எண்ண முடியாது. நீங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள கூடியிருக்கும்."

பாண்டியராஜன் முகம் வெளுத்தது. "கூடுமா? வரவு இல்லாம இருப்பு எப்படி டீச்சர் கூடும்? தணிக்கையில என்னைத் தொங்க விட்டுருவாக." கடைசியில் "வரவு: தட்டு 2, பிறப்பு: ஏராளம்" என்று எழுதினார். பிறப்புக்கு அத்தாட்சியாக என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

திட்டத்தைத் தொடங்கி வைக்க மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கிருமி வளர்க்க ஒரு பொடி வேண்டும். பெட்டியில் அது வரவில்லை. நசீமா டீச்சர் அசரவில்லை. நோன்பு நேரத்தில் அவர்கள் வீடுகளில் பாலும் சீனியும் விட்டுக் காய்ச்சித் துண்டு போடுவார்களே, கடல்பாசி, இதுவும் அதுதானாம். வீட்டிலிருந்து கொண்டுவந்து ஆட்டெலும்புச் சாற்றில் காய்ச்சி, தட்டுகளில் ஊற்றி ஆறவைத்திருந்தார். கிருமி எதுவும் இன்னும் இடாத வெறும் தட்டுகள். குத்துவிளக்கு ஏற்றிய அதிகாரி, மேசையில் தட்டுகளைப் பார்த்ததும் சிரித்தார்.

"அட, கடல்பாசி! நம்ம நண்பர் நத்தர்ஷா வீட்டுல வருஷா வருஷம் குடுத்துவிடுவாகளே!"

யாரும் தடுப்பதற்குள் விரலால் வழித்து ஒரு தட்டைக் காலி செய்தார். "சீனி கம்மி" என்றார். பாண்டியராஜன் பதிவேட்டில், "தட்டு 1: மேலதிகாரி நேரில் ஆய்வு செய்தார்" என்று எழுதிக்கொண்டார்.

அதிகாரி வாயைத் துடைத்துக்கொண்டு பேசினார்: "இந்த மாவட்டத்தில் எதுவும் வளரவில்லை என்று மேலே குறை சொல்கிறார்கள். தேர்ச்சி வளரவில்லை, வருகை வளரவில்லை. இனி அந்தக் குறை இல்லை. மாதாமாதம் ஒவ்வொரு பள்ளியும் கிருமி வளர்ச்சி விவரம் அனுப்ப வேண்டும். முதலிடம் பெறும் பள்ளிக்குக் கேடயம். கடைசி இடம் பெறும் பள்ளிக்கு என் வருகை."

இத்தனைக்கும் நடுவில் நசீமா டீச்சர் பாடம் நடத்தினார். கம்பியைத் தீயில் பழுக்கக் காட்ட வேண்டும், மூடியை ஓரமாக ஒரு இணுக்குத்தான் தூக்க வேண்டும், வளர்ந்த பிறகு திறக்கவே கூடாது, சுற்றி டேப் ஒட்ட வேண்டும், பெட்டியில் சூடு ஏற்றக் கூடாது, உடம்புச் சூட்டில் வளர்கிற கிருமி உடம்புக்கு ஆகாதது, முடிந்ததும் குக்கரில் வைத்து அவித்துக் கொன்றுவிட்டுத்தான் வெளியே போட வேண்டும். எல்லாம் முருகம்மாள் வீட்டில் வந்து ஒப்பிப்பாள். பல்பைப் பிடுங்கிவிட்டு, எரிவதாக நான் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதும் டீச்சரின் ஏற்பாடுதான்.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தட்டு. ஒருத்தி தன் கையிலிருந்து எடுத்தாள். ஷர்மின் என்கிற பிள்ளை காசிலிருந்து எடுத்தாள். என் மகள் பஞ்சை நனைத்து, குடிதண்ணீர்க் குழாயில் தொட்டு எடுத்தாள். சில நாள் கழித்து வீட்டு வாசலிலேயே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, கழுவாத கையில நாலஞ்சு புள்ளிதான். காசுல அதவிடக் கொஞ்சம் கூட. ஒன் தொட்டித் தண்ணியில எண்ணவே முடியலப்பா. கலியாண வீட்டுப் பந்தி மாதிரி எலைக்கு எல ஒட்டி உக்காந்திருக்காக."

"எவுகடி?" என்றாள் சோணையம்மாள், என் வீட்டுக்காரி.

"அப்பா காவல் காக்குறாகள்ல, அவுக சொந்தக்காரக."

சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை என்பதை முருகம்மாள் அப்புறம்தான் சொன்னாள்.

மறுநாள் டீச்சர் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனார். என்னையும் கூட்டிப் போனார். "சார், இது என்ன கிருமின்னு இங்கன பாக்கக் கூடாது, பாக்கவும் வசதி இல்ல. ஆனா இவ்வளவு இருந்தா இது குடிக்கிற தண்ணி இல்ல. இன்னிக்கே குழாய மூடணும். தொட்டியக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடணும்."

வைகுண்டராஜ் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. பயம் என்று நினைத்தேன்.

"டீச்சர், போன மாசம் நாம மாவட்டத்துல மூணாவது. சின்னமனூர்ப் பக்கத்து ஸ்கூல்காரன் எண்ணாமலே எண்ணிக்கை எழுதி மொத இடத்துல உக்காந்திருக்கான். நம்மகிட்ட உண்மையான சரக்கு இருந்திருக்கு, இத்தன நாள் மாடியிலயே கெடந்திருக்கு!"

"சார், பிள்ளைக குடிக்கிறாக."

"குடிக்கட்டும். குடிச்சா குறையவா போகுது? கூடுதுன்னு நீங்கதான சொன்னீக!"

அன்றைய ஆணை: மாடித் தொட்டி ஆய்வகத்தின் விரிவாக்கப் பகுதியாக அறிவிக்கப்படுகிறது. மேலிட ஆய்வு முடியும்வரை அதைக் கழுவவோ மருந்து இடவோ கூடாது. பிளீச்சிங் பவுடர், கிருமிகளின் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் பொருள் என்பதால், தலைமையாசிரியர் அறைப் பீரோவில் வைத்துப் பூட்டப்படும்.

டீச்சர் வகுப்பு வகுப்பாகப் போய், வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நானும் முருகம்மாளுக்கு ஒரு பாட்டில் கொடுத்துவிட்டேன். அதைச் சுற்றியிருந்த அத்தனை பிள்ளைகளும் குடித்தார்கள். மதிய வெயிலுக்கு அது காணாது. தாகம் சுற்றறிக்கைக்குக் கட்டுப்படவில்லை.

காய்ச்சல் ஒவ்வொரு பெஞ்சாக வந்தது. வராத பிள்ளைகளின் பெயருக்கு நேரே ஆசிரியர்கள் கோடு போட்டார்கள். பிறகு முருகம்மாள் படுத்தாள். உள்ளூரில் ஊசி போட்டோம். இறங்கும், மறுபடி ஏறும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பந்தி எனக்குள்ள நடக்குதுப்பா" என்றாள்.

அன்று மதியம் தலைமையாசிரியர் கேடயம் சம்பந்தமாகத் தேனிக்குப் போயிருந்தார். நசீமா டீச்சர் தன் வீட்டுக் குக்கரைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அதற்கு மேல் அதில் சோறு பொங்கப் போவதில்லை என்று தெரிந்தே கொண்டுவந்திருந்தார். ஆய்வகத்து அடுப்பில் தட்டுகளை எல்லாம், அரசாங்கத்தின் இரண்டு உட்பட, அடுக்கி மூடி விசில் விட்டோம். பீரோச் சாவி கூட்டுகிறவனான என்னிடம்தான் எப்போதும் இருக்கும். தொட்டியை வடித்துத் தேய்த்துக் கழுவி, பவுடரைக் கரைத்து ஊற்றினேன். நாலு பையன்களை வைத்து மூடியையும் மேலே ஏற்றினேன். இறங்கி வரும்போது என் முதுகு எனக்குச் சொந்தமில்லாதது போல இருந்தது.

மறுநாள் பாண்டியராஜன் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"கண்டம் பண்ணாம எப்படிய்யா கொன்ன?"

"கண்டமா?"

"அரசாங்கப் பொருள் ஓட்ட நாற்காலியா இருந்தாலும் குழு கூடிப் பாத்து, இது ஆகாதுன்னு எழுதி, கண்டம் பண்ணி, மேல அனுமதி வாங்கித்தான் அழிக்கணும். நீ உசுரோட இருந்த சொத்த, நல்லா வளந்துக்கிட்டு இருந்த சொத்த, கண்டம் பண்ணாம அவிச்சிருக்க."

குறிப்பாணையை நீட்டினார். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு, சம்பளத்தில் பிடித்தம். சம்பளம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்ததால் பிடிக்க எதுவும் இல்லை. கடன் அப்படியே நின்றது.

வீட்டில் சோணையம்மாள் பாதிதான் கேட்டாள். "கண்டமா? நம்ம வீட்டுக்கா? தண்ணியிலயா?" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். அது ஆபீஸ் வார்த்தை, நாற்காலிக்குச் சொல்கிறது என்று விளக்கினேன். "நாக்காலிக்குக் கண்டம்னு எந்த ஜோசியன் சொல்லுவான்? எங்கிட்ட மறைக்காதீக" என்றாள். சனிக்கிழமை குச்சனூர் போய் எள் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். நான் தடுக்கவில்லை. ஆபீஸை விட அங்கே வரிசை வேகமாக நகரும்.

விசாரணைக்கு அதே அதிகாரிதான் வந்தார். நசீமா டீச்சர் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைகளின் பட்டியலை வாசித்தார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவது இயற்கை. கண்டம் செய்யாமல் கொல்வது விதிமீறல். இயற்கையை நான் விசாரிக்க முடியாது. அதற்குச் சம்மன் அனுப்ப முகவரி இல்லை. உங்கள் முகவரி என்னிடம் இருக்கிறது." கொஞ்சம் தண்ணீர் குடித்தார், பாட்டில் தண்ணீர். "இந்தப் பள்ளி முதலிடத்துக்கு வந்த நேரத்தில் இப்படி நடந்திருக்கிறது. ஒரு தாய் தன் குழந்தையை அவிப்பாளா? நீங்கள் அவித்திருக்கிறீர்கள்."

டீச்சரை மலைக்கு அந்தப் பக்கம், நாளுக்கு ஒரு தரம் பஸ் போகிற ஊருக்கு மாற்றினார்கள். போகும்போது என்னிடம், "அண்ணே, முருகம்மாள இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, நாளைக்குன்னு வைக்காதீக" என்றார். அவர் கையிலிருந்த கொஞ்சம் பணத்தை என் சட்டைப்பையில் திணித்துவிட்டு பஸ் ஏறினார்.

தேனியில் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். இரத்தம் எடுத்தார்கள். டைபாய்டு கிருமி வளர்ந்திருப்பதாகச் சீட்டு வந்தது. விடுப்புக்காக அந்தச் சீட்டின் நகலைப் பள்ளியில் கொடுக்க வேண்டியிருந்தது. பாண்டியராஜன் படித்தார். திரும்பவும் படித்தார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒனக்கு நல்ல காலம்யா பிச்ச! நீ கொன்னது பூரா சாகல!"

"என்ன சார்?"

"'இரத்தத்தில் கிருமி வளர்ந்துள்ளது'ன்னு கவர்மென்ட் டாக்டரே கையெழுத்துப் போட்டிருக்காக பாரு. நம்ம தொட்டி கிருமிதான? அப்ப அது நம்ம சொத்து. பொருள் அழியல, எடம் மாறியிருக்கு. எண்ணிச் சரிபாத்து எழுதிட்டா ஒன் கடன் ரத்து!"

பதிவேட்டைத் திறந்து, 'இருக்குமிடம்' என்கிற கட்டத்தில் "ஆய்வகம்" என்பதை அடித்தார். "முருகம்மாள், பதினொன்றாம் வகுப்பு, அ பிரிவு" என்று எழுதினார். எழுத்து அழகாக இருந்தது.

அடுத்த பஸ்ஸிலேயே பதிவேட்டோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். கட்டில் பக்கத்தில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நின்றுகொண்டே தூங்குகிற மாதிரி ஒரு இளவயசு டாக்டரம்மா.

"மேடம், இந்த மருந்து என்ன பண்ணும்?"

"கிருமியக் கொல்லும்."

"கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுங்களா? நேரடிச் சரிபார்ப்பு முடிஞ்சதும் போட்டுக்கலாம். இப்பவே கொன்னா இருப்பு குறைஞ்சிரும், கடைசியில இந்தாளு தலையிலதான் விடியும்."

டாக்டரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு? பேஷன்ட்டுக்குச் சொந்தமா?"

"இல்ல மேடம். கிருமிகளுக்கு."

முருகம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. "சார், சரியானா நான் வீட்டுக்குப் போகலாமா, இல்ல ஆபீஸ்ல வந்து ஒப்படைக்கணுமா?"

"மொதல்ல ஆபீஸ், அப்புறம் வீடு, ஆத்தா" என்றார் பாண்டியராஜன். அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே என் கடனைத் தீர்க்கத்தான் வந்திருந்தார். டாக்டரம்மா அவரை வெளியே அனுப்பினார். போகும்போது, பிள்ளைக்கு என்று ஒரு சாத்துக்குடியைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார்.

குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார்கள். தாமதமாகக் கொண்டுவந்தீர்கள் என்றார்கள். அறுவை செய்தார்கள். அதற்குப் பிறகு முருகம்மாள் பேசவில்லை. விடிந்ததும் எங்கள் கையில் கொடுத்தார்கள்.

எங்களில் கல்யாணம் ஆகாத பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். ஊருக்கு மேற்கே மயானத்தில் குழி வெட்டி முடித்த நேரத்தில் பாண்டியராஜனின் சைக்கிள் வந்தது. செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு, மாலை போட்டார், கும்பிட்டார். அப்புறம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பிச்ச, தப்பா எடுத்துக்காத. ஹெச்செம் அனுப்பிச்சாக. பொதைச்சா பொருள் மண்ணுக்குள்ள இருப்பாவே நிக்கும்யா. சூட்டுலதான் முறைப்படி அழிக்கணும்னு அந்த டீச்சரே எழுதி வச்சிருக்காக. எரிச்சிட்டா கண்டம் ஆயிரும். நானே சாட்சிக் கையெழுத்துப் போடுறேன். அந்த ஆயிரத்துச் சொச்சமும் இன்னியோட போயிரும்."

சோணையம்மாள் எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. அவர் கையிலிருந்த பதிவேட்டைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"அதுல எம்புள்ள பேரு இருக்கா?"

"இருக்கு ஆத்தா."

"அப்ப அந்த நோட்டக் கொண்டு போயி எரி. எம்புள்ளயப் பொதைக்கணும். கடன் கெடந்துட்டுப் போகுது, நாங்க ரெண்டு பேரும் சாகுற வரைக்கும் தூக்குறோம். ஏலே, மம்பட்டிய எடுங்கடா."

புதைத்தோம். பாண்டியராஜன் கடைசிவரை நின்றார். அவரும் ஒரு கை மண் போட்டார்.

பள்ளியில் இரங்கல் கூட்டம் நடந்தது. கேடயமும் அன்றைக்கே வந்து சேர்ந்ததால் இரண்டையும் ஒரே பந்தலில் வைத்துக்கொண்டார்கள். "நம் பள்ளியின் வளர்ச்சியைத் தன் உடலில் சுமந்த மாணவி" என்று தலைமையாசிரியர் சொன்னார். குரல் உடைந்து, கேடயத்தின் மீது ஒரு சொட்டு விழுந்தது. உடனே துடைத்தார். வளர்ச்சி குறைந்துவிடக் கூடாது என்று தொட்டி மூடியைத் திரும்பவும் இறக்கியிருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் பிள்ளைகள் குழாயடிக்கு ஓடினார்கள். நான் குழாயை மறித்து நின்றேன். என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கடன் மட்டும் நிற்கவில்லை. வேலை இல்லாதவனிடம் எப்படிப் பிடிப்பது என்று மாவட்டத்துக்கு எழுதிக் கேட்டார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் ஆள் அனுப்பினார் பாண்டியராஜன். போனேன். நாற்காலியைத் துடைத்து உட்காரச் சொன்னார். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"மாவட்டத்துலருந்து பதில் வந்திருச்சுய்யா. நல்ல பதில். நான்தான் டிராஃப்ட் போட்டுக் குடுத்தேன். படிச்சுப் பாரு."

ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன்.

"மேற்படி கிருமிகள் மாணவியின் உடலுடன் மயானத்துக்குச் சென்றுவிட்டன. மயானம் ஊராட்சியின் பொறுப்பில் உள்ளது. ஆகவே அவை இப்பள்ளியிலிருந்து ஊராட்சிக்கு மாறுதலில் சென்றதாகக் கருதப்படுகிறது. திரு. பிச்சைமணியிடம் வசூலிக்க வேண்டிய ரூ. 1847.50 தள்ளுபடி செய்யப்படுகிறது."

"தொட்டி சார்?" என்றேன்.

"அது வேற ஃபைலு. நீ கையெழுத்துப் போடு."

பதிவேட்டைத் திறந்து என் முன்னால் திருப்பி வைத்தார். 'இருக்குமிடம்' என்கிற கட்டத்தில் என் மகள் பேர் இருந்தது. பாண்டியராஜன் பேனாவை எடுத்து, அதே வரியில் கடைசிக் கட்டத்தை நிரப்பினார். மை காயும்வரை ஊதினார். பிறகு நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினார்.

இருப்பு: இல்லை.